வெட்டுவதில் வருகிறது, கொட்டுவதில் போகிறது

ஜனவரி பிறந்தால் பெங்களூரின் பழைய பேட்டைகள் சருகுச் சத்தத்தோடுதான் விழிக்கின்றன. ஜெயநகர், மல்லேஸ்வரம், இந்திராநகர் தெருக்களில் தூங்குமூஞ்சி மரங்கள் முதலில் உதிர்க்கும். பிறகு புங்கை, அதன் பின் மற்றவை. மார்ச் முடியும்வரை ஓயாது. வீட்டுக்காரர்கள் காலையில் கதவைத் திறந்து முற்றத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த நிமிடம் தோட்டக்காரருக்கு போன் போகிறது.

தோட்டக்காரர் வருகிறார். கூட்டுகிறார், வெட்டுகிறார், செடிகளைக் கவாத்து செய்கிறார். பதினொரு மணிக்கு முற்றம் கண்ணாடி போல இருக்கிறது. கேட்டுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு ஒரு குவியலும் இருக்கிறது. பேசிய கூலி முற்றத்துக்கு. குவியலைப் பற்றி யாரும் பேசவில்லை. "எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டம்மா உள்ளே போய்விடுகிறார். சிறிய தோட்டப் பராமரிப்புத் தொழிலின் லாப நஷ்டம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கிறது.

இது பெங்களூருக்குப் புதிய தொழில் அல்ல. கரக விழாவை நடத்தும் திகளர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழிலுக்குப் பேர்போனவர்கள். அவர்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் தமிழில்தான் முடியும். அன்று கழிவு என்ற பேச்சே கிடையாது. இலை எருக்குழிக்கு, கிளை அடுப்புக்கு, புல் மாட்டுக்கு. இன்று 30க்கு 40 மனையில் வீட்டைக் கட்டி, மிச்சமிருக்கும் இரண்டு முழ மண்ணிலும் கொரியப் புல் பதிக்கிறார்கள். எருக்குழிக்கு இடம் எங்கே? ஆகவே வண்டி தேவைப்படுகிறது.

வண்டி என்றால் பெரும்பாலும் டாடா ஏஸ். 2005ல் சந்தைக்கு வந்தது. வடக்கே சோட்டா ஹாத்தி, தமிழ்நாட்டில் குட்டி யானை. முக்கால் டன் சுமக்கும், சந்துக்குள் திரும்பும். மாலியாகக் கூலிக்குப் போன ஒருவர் ஒப்பந்தக்காரராக உயர்ந்துவிட்டார் என்பதற்கு ஊர் ஒப்புக்கொள்ளும் சான்றிதழ் அதுதான். கல்யாணப் பேச்சில்கூட "சொந்த வண்டி இருக்கு" என்பது தனி எடை. அந்த எடையின் விலை என்ன என்று காகிதத்தில் போட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

கணக்குக்காக ஓர் ஒப்பந்தக்காரரை எடுத்துக்கொள்ளலாம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அவை ஒன்றோடொன்று மோதும் விதம் மாறாது. 40 வீடுகள், வீட்டுக்கு மாதம் 1,500 ரூபாய். வரவு 60,000. இரண்டு உதவியாளர்கள், நாளுக்கு 700 வீதம் 26 நாள். கூலி மட்டும் 36,400. மீதி 23,600 ரூபாயைப் பார்த்துத்தான் அவர் வண்டி வாங்கும் முடிவை எடுக்கிறார்.

மூன்று லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வண்டி. கையிலிருந்து 60,000, மீதி 2,40,000 கடன். 14 சதவீத வட்டியில் மூன்று வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 8,200. இன்ஷூரன்ஸுக்கு மாதம் 1,700 ஒதுக்க வேண்டும். எஃப்.சி., புகைச் சான்றிதழ், சாலை வரி வகையறாவுக்கு 500. டயர், பேட்டரி, சர்வீஸ், எதிர்பாராத கிளட்ச் பிளேட் எல்லாம் சேர்த்து 2,000. இரவில் நிறுத்த ஒரு காலி மனைக்காரருக்கு 1,000. மொத்தம் 13,400. இந்தப் பணம் வண்டி ஒரு அடிகூட நகராவிட்டாலும் போகும். 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 515 ரூபாய். காலையில் சாவியைத் திருப்பும் முன்பே செலவாகிவிட்ட பணம்.

அதன் மேல் டீசல். நாளுக்கு 30 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 180. மாதம் 4,680. ஆக வண்டியின் மொத்தச் செலவு 18,080. வரவிலிருந்து கூலியையும் வண்டியையும் கழித்தால் முதலாளியின் கையில் நிற்பது 5,520 ரூபாய். அவரிடம் வேலை பார்க்கும் உதவியாளர் வாங்குவது 18,200.

இந்த 5,520லும் புல் வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல், கத்தரிக்குச் சாணை, சாக்கு, கயிறு, தார்பாய் இன்னும் கழியவில்லை. அந்தக் குவியலைக் கொட்டும் இடத்தில் கொடுக்கும் காசும் கழியவில்லை.

இதைக் காட்டினால் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "மூணு வருஷம் பல்லைக் கடிச்சா கடன் முடிஞ்சுடும், அப்புறம் வண்டி நம்முடையது." பாதி உண்மை. கடன் முடியும்போது ஏற்கனவே பழையதாக வாங்கிய வண்டிக்கு இன்னும் மூன்று வயது கூடியிருக்கும். எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போக வேண்டும். அதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போதும். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் முன்னால் பட்டறை, பெயின்ட், வெல்டிங். தவணை நின்ற 8,200 ரூபாயை அடுத்த வண்டிக்கென்று தனியாகப் போட்டு வைக்காதவர் ஆறாவது வருடம் மறுபடி அதே ஃபைனான்ஸ் கம்பெனி வாசலில் நிற்பார்.

அப்படியானால் வாடகை வண்டி? 2014ல் தொடங்கிய போர்ட்டர் போன்ற செயலிகள் வந்த பிறகு, குட்டி யானையை ஆட்டோ பிடிப்பது போலப் பிடிக்கலாம். அதற்கு முன்பும் ஒவ்வொரு பேட்டை மூலையிலும் டெம்போ ஸ்டாண்டு உண்டு. அரை நாளுக்கு 1,200 ரூபாய் என்று வைத்தால், சொந்த வண்டியும் வாடகை வண்டியும் சமமாகும் புள்ளி மாதத்துக்கு 13 நாள். அதற்குக் கீழே தேவைப்படுபவருக்கு வாடகைதான் லாபம். அதற்கு மேல் என்றால் சொந்த வண்டி. பெரும்பாலான சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு தினமும் வண்டி தேவைப்படுவது போலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் தினமும் தேவைப்படுவது கத்தரியும் மண்வெட்டியும் போய்ச் சேர ஒரு வழி, அவ்வளவே. அதற்கு டிவிஎஸ் எக்ஸ்எல் போதும். தென்னிந்தியாவில் அந்த மொபெட் சுமக்காத பொருள் இல்லை. புல் வெட்டும் மெஷினைப் பேட்டைக்கு ஒரு நல்ல வாடிக்கையாளர் வீட்டு ஷெட்டில் விட்டு வைக்கலாம். பலர் மறுப்பதில்லை.

வண்டி இருந்தே தீர வேண்டும் என்பவர்கள் கவனிக்க வேண்டிய சில காகிதங்கள் உண்டு. இவற்றில் நஷ்டப்படுபவர்கள் ஏராளம்.

முதலாவது இன்ஷூரன்ஸ். 2022ல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டணத்தில், ஏழரை டன் வரையிலான சரக்கு வண்டி வாடகைக்கு ஓடினால் ஆண்டுக்கு 16,049 ரூபாய். அதே வண்டி உரிமையாளரின் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றினால் ஏறக்குறைய அதில் பாதி. தன் மெஷினையும் தன் மண்வெட்டியையும் மட்டும் ஏற்றிச் செல்லும் தோட்டக்காரர் ஏஜென்ட் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு முழுக் கட்டணத்தையும் கட்டிக்கொண்டிருப்பது சாதாரணம். ஆனால் அவசரப்பட்டு மாற்றவும் கூடாது. வாடிக்கையாளரின் கழிவைக் காசு வாங்கி ஏற்றினால் அது சொந்தச் சரக்கா, வாடகைச் சரக்கா என்று விபத்து நடந்த பிறகு கம்பெனி கேட்கும். பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்பவர் பிழைத்தார்.

இரண்டாவது, கேபினில் டிரைவரையும் சேர்த்து இரண்டு பேர்தான் உட்காரலாம். மூன்றாவது ஆள் பின்னால், சருகு மூட்டைகளின் மேல் படுத்து வருகிறார். ஊர் முழுக்கக் காணும் காட்சி. சிக்னலில் வண்டி குலுங்கி அவர் விழுந்தால் இழப்பீட்டுக்கு வருடக்கணக்கில் கோர்ட் ஏற வேண்டியிருக்கும். ஆளின் குடும்பமும் முதலாளியும் ஒரே கிராமத்தவர்களாக இருப்பார்கள் என்பதால் கோர்ட்டோடு அது முடிவதும் இல்லை.

மூன்றாவது, சுமை. 2019ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பின் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. தோட்டக் கழிவில் பாரம் அரிதாகவே பிரச்னை. சருகு நிறைந்த வண்டியில் எடை அனுமதித்ததில் கால்வாசிகூட இருக்காது. ஆனால் அதே சட்டம் சுமை பக்கவாட்டில் வண்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், முன்னும் பின்னும் மேலும் அளவு மீறினாலும் அதே 20,000 என்கிறது. தென்னை மட்டையும் போகன்வில்லாக் கிளையும் வெளியே தொங்க, கயிறு ஒன்றைச் சுற்றிக் கட்டி ஓட்டிப் போகும் ஒவ்வொரு வண்டியும் 20,000 ரூபாய்ச் சீட்டை மடியில் கட்டிக்கொண்டுதான் போகிறது. ஐந்து நிமிடம் செலவழித்து மட்டையை இரண்டாக வெட்டினால் தீர்ந்தது.

ஆறுதலான செய்திகளும் இல்லாமல் இல்லை. மொத்த எடை மூன்று டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவரே இந்த வண்டியை ஓட்டலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் பின்னாலேயே இறங்கும் என்பதால், அதற்கு முன் பேசிய விலையிலேயே பழைய வண்டியை முடிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

டீசலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். டிராஃபிக்கைப் பற்றிக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. காலையில் ஜெயநகரில் ஒரு வீடு, மதியம் ஹெப்பாளில் ஒரு வீடு என்று ஒப்புக்கொண்டவர் நடுவில் ஒரு மணி நேரத்தைச் சாலையில் விடுகிறார். எட்டு மணி நேரத்துக்கு 700 வாங்கும் இரண்டு பேர் அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு 175 ரூபாய். 26 நாளுக்கு 4,550. ஏறக்குறைய மாத டீசல் செலவுக்கு நிகர். திங்கள் முழுக்க ஜெயநகர், செவ்வாய் முழுக்க பனசங்கரி என்று பேட்டைவாரியாகப் பிரித்தால் ஒரு பைசா முதலீடு இல்லாமல் இதில் பாதி திரும்பும். சில வாடிக்கையாளர்கள் "எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும்" என்பார்கள். ஞாயிறுக்குத் தனி விலை சொன்னால் பெரும்பாலோருக்குச் செவ்வாயும் சரியாகிவிடும்.

இனி அந்தக் குவியல்.

பெங்களூரின் குப்பை வரலாறு சுற்றியுள்ள கிராமங்களின் துயரக் கதை. மாவள்ளிபுராவில் கொட்டியது 2012ல் நின்றது. மண்டூர் மக்களின் போராட்டத்துக்குப் பின் 2014ல் அங்கேயும் நின்றது. இன்று குப்பைக்காக பெங்களூர் திடக்கழிவு மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் வசூலாகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. இத்தனைக்கும் நடுவே, வீட்டு வாசலுக்கு வரும் குப்பை ஆட்டோக்காரர் சமையலறைக் கழிவை வாங்குவாரே தவிர எட்டு மூட்டை சருகை வாங்க மாட்டார். அவர் வண்டியில் இடம் இல்லை.

ஆகவே மூட்டைகள் இரவில் காலி மனைக்கும் ஏரிக்கரைக்கும் போகின்றன. அல்லது அங்கேயே ஒரு தீக்குச்சி. தீக்குச்சிதான் மிக மலிவான வழி என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. பெங்களூரில் வசிக்கும் அல்மித்ரா படேல் 1996ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் திறந்த வெளியில் கழிவை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000. டெல்லியில் அதற்கு முன்பே, 2015 ஏப்ரலில், குப்பையும் இலையும் எரிப்போருக்கு 5,000 ரூபாய் என்று அதே தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. அபராதத்தை விட்டுவிட்டாலும், அரளிக் கிளை எரியும் புகையே விஷம். அதைச் சுவாசிப்பது பெரும்பாலும் குச்சியைக் கிழித்த உதவியாளர்தான்.

2016ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகவே சொல்லின. தோட்டக் கழிவைத் தன் வளாகத்துக்குள் தனியாகச் சேர்த்து வைத்து, உள்ளாட்சி சொல்கிறபடி அகற்றுவது அதை உண்டாக்கியவரின் பொறுப்பு. அதாவது வீட்டுக்காரரின் பொறுப்பு. தோட்டக்காரர் அந்தப் பொறுப்பை இனாமாக வாங்கித் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். கூலி பேசும்போது "வெட்டுவதற்கு இவ்வளவு, எடுத்துப் போவதற்கு இவ்வளவு" என்று இரண்டாகச் சொல்லும் துணிச்சல் வந்தால் இந்தத் தொழிலின் பாதி நோய் தீரும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் சூட்சுமம். "லோடுக்கு இவ்வளவு" என்றால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவருடையது கால் லோடுதான் என்பார். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். சாக்குக் கணக்கு சண்டையில்லாதது. ஒரு நடைக்கு வண்டி வாடகை 1,200, கொட்டும் இடத்தில் 400, ஏற்றி இறக்க ஆள் நேரம் 200 என்றால் மொத்தம் 1,800. ஒரே அளவுள்ள 40 சாக்கு பிடிக்கும் என்றால் சாக்குக்கு அடக்கம் 45 ரூபாய். 60 என்று சொல்லலாம். சாக்கு வீட்டுக்காரரின் கண்முன் நிரம்புகிறது. அவரே எண்ணுகிறார்.

எண்ண ஆரம்பித்தவுடன் ஒரு வேடிக்கை நடக்கிறது. இதுவரை ஒரு இலைகூடக் கண்ணில் படக்கூடாது என்றவர், ஆறாவது சாக்கு நிரம்பும்போது "அந்த மாமரத்தடியில் கொஞ்சம் போட்டால் ஆகாதா?" என்று கேட்கிறார். தாராளமாக ஆகும். அதற்குத் தமிழ் விவசாயி வைத்த பெயர் மூடாக்கு. மரத்தடியில் மூன்று நான்கு அங்குல கனத்துக்குச் சருகைப் பரப்பி, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட்டால் மண் காயாது, களை குறையும், ஏப்ரலில் தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் பணமும் குறையும். புல் வெட்டும்போது துண்டுகளை வாரிச் சேர்க்காமல் புல்தரையிலேயே விட்டால் சில நாளில் மட்கிவிடும். அடிக்கடி, சிறிது சிறிதாக வெட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாதம் ஒரு முறை முழங்கால் உயரத்தில் வெட்டினால் விட்டுவைக்க முடியாது.

மூடாக்கைக் கேட்டதும் மூன்று அச்சங்கள் வரும். கொசு, பாம்பு, கறையான். காய்ந்த சருகில் தண்ணீர் நிற்காது என்பதால் கொசு முட்டையிட வழியில்லை. கொசு மொட்டை மாடித் தொட்டியில் இருக்கிறது. பாம்பு அச்சத்தை அப்படி ஒதுக்க முடியாது. பரப்பிய சருகில் அல்ல, மாதக்கணக்கில் யாரும் தொடாத குவியலில் எலியும் அதைத் தேடிப் பாம்பும் வரலாம். வாரம் ஒரு முறை கிளறினால் இரண்டும் தங்காது. கறையானுக்காக வீட்டுச் சுவரிலிருந்து நாலடி தள்ளியே எதையும் போட வேண்டும். இதைப் பொறுமையாகச் சொல்லும் தோட்டக்காரரை வீட்டம்மா "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பிப்பார். சொல்லத் தெரியாதவரின் சருகு மறுபடி வண்டி ஏறும்.

கொஞ்சம் இடம் உள்ள வீடுகளில் கம்பி வலைக் கூடை இன்னும் நல்லது. மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் வலையை வட்டமாக வளைத்து நிறுத்தி உள்ளே சருகை மிதித்து நிரப்புவார்கள். சும்மா விட்டால் இலைமட்கு ஆக ஆறு மாதம் முதல் ஓராண்டு. அவசரப்படுத்த வேண்டுமானால் அடுக்கடுக்காகப் பச்சைப் புல்லும் சாணிக் கரைசலும் சேர்க்க வேண்டும். சருகில் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. புல்லும் சாணியும் அந்தக் குறையை நிரப்பும். பிழிந்த துணி போல ஈரம் இருந்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை புரட்டினால் உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறும். மூன்று நான்கு மாதத்தில் மட்கிவிடும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போட வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை.

எல்லாவற்றையும் கூடையில் போட முடியாது. போகன்வில்லா முள், விதை பிடித்த பார்த்தீனியம், நோய் கண்ட கிளை, பனை வகை மட்டைகள் வேண்டாம். இவற்றில் சிலவற்றுக்கு இலவசமாக வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. தென்னை மட்டை துடைப்பத்துக்கு ஈர்க்கு எடுப்பவருக்குப் போகும். மணிக்கட்டுக்கு மேல் தடித்த கட்டைகளை விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரிக்காரர் வந்தே எடுத்துப் போவார். பூச்சிமருந்து படாத புல் என்றால் பக்கத்துப் பேட்டை மாட்டுக் கொட்டகைக்காரர் காத்திருப்பார். மருந்து பட்டதைக் கொடுப்பது மட்டும் பாவம். மரத்தையே வெட்டுவது, பெரிய கிளைகளை இறக்குவது வேறு விவகாரம். கர்நாடகத்தில் 1976ம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மர அதிகாரியின் அனுமதியை வாங்க வேண்டியது வீட்டுக்காரர். அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் ரம்பத்தை எடுப்பவர் அடுத்த வீட்டுக்காரரின் ஒரு போன் காலில் சிக்குவார்.

கிளை நொறுக்கும் மெஷினைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நொறுக்கினால் குவியல் நாலில் ஒன்றாகச் சுருங்கும். நான்கு நடை ஒரு நடையாகும். நொறுங்கியது அப்படியே மூடாக்காகவும் ஆகும். ஆனால் சின்ன மெஷின் சுள்ளியைத்தான் தின்னும், பெரிய மெஷினின் விலை இன்னொரு வண்டியின் தவணை. 40 வீட்டுக்காரர் தனியாக வாங்கினால் மாதத்தில் இருபது நாள் அது தூங்கும். அபார்ட்மென்ட் சங்கம் ஒன்று வாங்கி, மற்ற நாட்களில் வாடகைக்கு விட்டால் இருவருக்கும் கட்டும்.

வண்டியின் மறு திசையும் கவனிக்கத்தக்கது. இதே வீடுகள் வருடத்தில் இரண்டு முறை செம்மண்ணும் உரமும் மூட்டையாக வாங்குகின்றன. அதே கேட் வழியாக இலை காசு கொடுத்து வெளியே போகிறது, உரம் காசு கொடுத்து உள்ளே வருகிறது. இரண்டு நடையிலும் வண்டி ஒரு வழியில் காலி. சருகு ஏற்றப் போகும் நாளிலேயே உர மூட்டையையும் இறக்குமாறு தேதி வைப்பவருக்கு ஒரு வாடகை மிச்சம்.

பழைய கணக்குக்குத் திரும்பினால்: சொந்த வண்டியை விற்று, கடனை அடைத்து, சாக்குக் கணக்குக்கு மாறிவிட்டார் என்று வைக்கலாம். மரத்தடிக்கும் கூடைக்கும் போனது போக மாதம் 200 சாக்கு. ஐந்து நடை. வண்டிக்கும் கொட்டுவதற்குமாக நடைக்கு 1,600 வீதம் செலவு 8,000. ஏற்றும் ஆள் கூலி ஏற்கனவே 36,400ல் அடங்கிவிட்டது. சாக்கு வரவு 12,000. மொபெட் வகைக்கு 3,000. மீதம் 24,600 வருகிறது.

ஆனால் எல்லோரும் சாக்குக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் இனாமாக எடுத்துப் போகிறேன் என்று இன்னொருவர் காத்திருக்கிறார். அவரது மூட்டை எந்த ஏரிக்கரைக்குப் போகிறது என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. நான்கு வீடுகள் கழன்றுகொண்டால் மாதம் 6,000 குறையும். அப்போது முதலாளிக்கு நிற்பது 18,600. உதவியாளரைவிட 400 ரூபாய் அதிகம். விற்ற வண்டியைப் பற்றி மாமனார் வீட்டில் என்ன சொல்வது என்பதை அவர்தான் யோசிக்க வேண்டும்.